தாராபுரம் பக்கத்தில் எனக்குச் சொல்லாத சேதி

கோயம்புத்தூரில் இறங்கியதும் எனக்கு வந்த முதல் கோபம் டீயின் மேல்தான். நான் இருப்பது இலங்கையில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். வருஷம் முழுக்கக் கொழுந்து வாசனையில் தூங்கி எழுகிறவள். ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆள் கொடுத்த சுடுதண்ணீரை டீ என்று நம்ப எனக்கு விசுவாசம் போதவில்லை. பாதி குடித்துவிட்டு மீதியை வேப்பமரத்தடியில் ஊற்றினேன். "ஏனுங்க அம்மணி, சூடு பத்தலீங்களா?" என்று அவர் அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். திட்ட வாய் வரவில்லை. இந்தக் கோயம்புத்தூர்ச் சீமைக்காரர்களிடம் அதுதான் தொந்தரவு. அடுத்த மூன்று வாரமும் எனக்கு அதே தொந்தரவாகத்தான் இருந்தது.

நான் வந்தது என் வீட்டுக்காரரைக் கூட்டிப் போக. எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுக்கிற வேலை அவருக்கு. இருமிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் பத்து வருஷம் மருந்து கொடுத்தவர், கடைசியில் அவர்களுடைய இருமலையே வாங்கிக்கொண்டார். அவருக்குச் சொந்த ஊர் தாராபுரம் பக்கம். அங்கே ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது என்று போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம். மாதம் ஒரு முறை சளியைப் பரிசோதிப்பார்கள். அடுத்தடுத்து மூன்று மாதம் கிருமி இல்லை என்று வந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். நடுவில் ஒரு தடவை கிருமி தென்பட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

அவருடைய அக்காள் புருஷன் யோவான் அங்கே ஒரு கிராமத்துச் சபையில் உபதேசியார். பாதிரியார் மாதம் ஒரு முறை வந்து போவார். மற்ற நாளெல்லாம் ஜெபம், பிரசங்கம், மணியடிப்பது எல்லாம் இவர் பொறுப்பு. யோவான் அண்ணன் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். இரண்டு மாதம் சுத்தமாக வந்துவிட்டது, மூன்றாவதும் வந்துவிடும், கிறிஸ்துமஸுக்கு வந்தால் கையோடு கூட்டிப் போகலாம் என்று. அதோடு இன்னொரு வரியும் இருந்தது. அவர் சபையில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. இடது பக்கத்தில் வேண்டுதல் பெயர்கள். நோயிலும் கஷ்டத்திலும் இருக்கிறவர்கள். வலது பக்கத்தில் ஸ்தோத்திரப் பெயர்கள். கஷ்டம் தீர்ந்து நன்றி சொல்ல வேண்டியவர்கள். ஞாயிறுதோறும் சபை கண்மூடி இருக்க, ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசிப்பார். என் வீட்டுக்காரர் பெயரை வலது பக்கத்துக்கு மாற்றியாகிவிட்டது என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரு வரியை நம்பி, நான் பாடம் சொல்லிக் கொடுக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடம் லீவு விட்ட அன்றே புறப்பட்டேன். பெட்டியில் அவருடைய கம்பளிக் கோட்டு. மலைக்குத் திரும்பும்போது குளிருமே. கைப்பையில் நான் திரும்பி வருவதற்கான அனுமதிச் சீட்டு. இந்தியக் கரையில் இறங்கி மூன்று வாரத்துக்குள் திரும்பாவிட்டால் இலங்கைக்குள் மறுபடி காலெடுத்து வைப்பது பெரும்பாடு.

யோவான் அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை, முகம் முழுக்கச் சிரிப்பு. என் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நீங்க மொதல்ல ஊட்டுக்கு வாங்க அம்மணி" என்றார். நான் கேட்டதற்கு இது பதில் இல்லை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். களைப்பில் உறைக்கவில்லை.

பஸ் ஏறினோம். புதுக் காசு வந்த சமயம் அது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டரும் பிரயாணிகளும் அணாவையும் நயா பைசாவையும் வைத்து வழக்காடினார்கள். அந்த வழக்கும் 'ங்க' போட்டுத்தான் நடந்தது. எங்கள் ஊர்ப் பஸ்ஸில் இதற்குள் இரண்டு பேர் சட்டையைப் பிடித்திருப்பார்கள். பல்லடத்தில் பஸ் நின்றது. நின்றது நின்றதுதான். என்ன ரிப்பேர் என்று கேட்டால், ரிப்பேர் ஒன்றுமில்லையாம். யாரோ ஒரு பண்ணாடி, அதாவது நிலத்துக்காரர், ஓட்டலில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம். அவர் வந்ததும் எடுப்பார்களாம். முக்கால் மணி நேரம் நாற்பது பேர் ஒரு மனிதருடைய இட்லிக்காகக் காத்திருந்தோம். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. பண்ணாடி வந்தார். சின்ன வயசு, அரும்பு மீசை. யோவான் அண்ணன் எழுந்து தம் இடத்தைக் கொடுத்துவிட்டு, மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மீதி வழியெல்லாம் நின்றே வந்தார். எங்கள் தோட்டத்திலும் துரைக்கு எழுந்து நிற்போம். ஆனால் துரை பஸ்ஸில் வந்து எங்கள் இடத்தில் உட்கார மாட்டார்.

என் பக்கத்தில் தெலுங்கு பேசும் இரண்டு அம்மாக்கள், பருத்திக் காட்டுக்காரர்கள் வீட்டுப் பெண்கள் போலிருந்தது. அவர்கள் யோவான் அண்ணனிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார்கள். அவரும் தெலுங்கிலேயே நிறையச் சொன்னார். இருவரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். உங்கள் சேலை நன்றாக இருக்கிறதாம் என்றார். ஒரு சேலையைப் பார்த்து யாரும் உச்சுக் கொட்டி நான் கண்டதில்லை. அதுவும் அந்தச் சேலை மூன்று நாள் பிரயாணத்தில் கசங்கிப் போயிருந்தது.

கொஞ்ச நேரம் போனதும் அவர் ஜன்னலுக்குக் குனிந்து, வலது பக்கம் ஒரு கிணற்றைக் காட்டினார். நூறு அடி தோண்டியும் தண்ணீர் வராத கிணறு என்றார். பிறகு அந்தக் கிணற்றுக்காரர் குடும்பக் கதையை ஆரம்பித்தார். வெறும் குழியைப் பார்க்க என்ன இருக்கிறது என்று எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் அப்போது ஆஸ்பத்திரி வாசலை பஸ் கடந்து போய்க்கொண்டிருந்தது என்பது எனக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

வீட்டில் ரூத் அக்கா காத்திருந்தாள். என் வீட்டுக்காரருடைய அக்காள். அதே நீள மூக்கு, அதே பேசாத சுபாவம். கால் கழுவத் தண்ணீர், குடிக்கத் தண்ணீர், உட்காரப் பாய், உடனே சாப்பாடு. சந்தகை பிழிந்திருந்தாள். எங்கள் ஊர் இடியாப்பத்துக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி ஒன்று. நாங்கள் சொதி ஊற்றிச் சாப்பிடுவோம். இங்கே தேங்காய்ப்பாலும் வெல்லமும். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் வாயைத் திறந்து அவரைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அந்த வாயில் இன்னொரு பிடி சந்தகை வந்து விழுந்தது. எப்போது போய்ப் பார்க்கலாம் என்றேன். பார்வைக்கு விடுவது திங்களும் வியாழனும்தானாம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை முழுக்கச் சபைக்காரர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். பெரும்பாலும் காட்டு வேலைக்குப் போகிற சனங்கள். வெறுங்கையோடு யாரும் வரவில்லை. ஒருவர் கையில் கடலைக்காய், ஒருவர் கையில் முருங்கைக்காய், ஒரு அம்மாள் உயிரோடு ஒரு கோழியையே என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். ஒறம்பரை வந்தால் அப்படித்தானாம். விருந்தாளியை அங்கே ஒறம்பரை என்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அவரைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தோமுங்க என்றார்கள். எப்படி இருக்கிறார் என்றால், மழை பெய்யாததைப் பற்றியும், சோளம் கருகியதைப் பற்றியும், இலங்கையில் அரிசி கிடைக்கிறதா என்றும் பேசினார்கள். ஒரு பெரியவர் மட்டும், "தெளிவா இருக்காருங்க. வெசனப்படாதீங்க" என்றார். நான் வெசனப்படுவதாகச் சொல்லவே இல்லை. அதிலிருந்துதான் வெசனப்பட ஆரம்பித்தேன்.

அன்று சாயங்காலம் ரூத் அக்கா ஜெபம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷமாகவே என் ஜெபம் துரைக்கு எழுதும் மனு மாதிரி ஆகிவிட்டிருந்தது. சமூகத்துக்கு வணக்கம், தங்கள் சித்தம் எப்படியோ அப்படியே ஆகட்டும், இப்படிக்குக் கீழ்ப்படிந்த ஊழியக்காரி. கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. கேட்டுக் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயம். மரியாதையாகப் பேசிவிட்டு எழுந்துவிடுவேன். ரூத் அக்கா ஆமென் சொல்லிவிட்டு, "நல்லா ஜெபிச்சீங்க அம்மணி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆயத்த ஞாயிறுகளில் ஒன்று. வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை யோவான் அண்ணன் சுத்தியலால் அடித்தார். அதுதான் கோயில் மணி. ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், சாணம் மெழுகிய தரையில் பாய். பிரசங்கம் காத்திருப்பதைப் பற்றி. எனக்கென்றே பார்த்து எடுத்தாரோ என்னவோ. ஒரு மணி நேரம் காத்திருந்து அந்தக் காத்திருப்புப் பிரசங்கத்தைக் கேட்டோம். காத்திருந்தவர்கள் பட்ட பாட்டை விட்டுவிட்டு, கடைசியில் கிடைத்ததை மட்டும் சொல்லிக்கொண்டு போனார். நடுவில் காத்திருந்த ஆள் எப்படித் தூங்கினான், எதைத் தின்றான், யார்மேல் எரிந்து விழுந்தான் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கால் மரத்துவிட்டது.

பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். வலது பக்கம் வரும்போது அவர் பெயர் வரும். நான் கேட்கப் போகிறேன். அதைக் கேட்கத்தான் கடல் தாண்டி வந்தேன். முதலில் இடது பக்கம். வேண்டுதல். காலில் முள் குத்திச் சீழ் வைத்த ஒருவர், பிரசவத்துக்கு நாள் தள்ளிப்போன ஒரு பெண், மழை. அங்கே குரல் நின்றது. யோவான் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். மறுபடி கனைத்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, என் வீட்டுக்காரர் பெயரை வாசித்தார்.

நான் கண்ணைத் திறந்தேன். அவரும் கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பைக் காணோம். மூன்று நாளாக என்னிடம் என்னென்னவோ சொல்லிச் சமாளித்த மனிதர், ஜெபத்தில் மட்டும் பெயரைத் தப்பான பக்கத்தில் வாசிக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது சோதனையில் கிருமி இருந்திருக்கிறது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். குறைந்தது இன்னும் மூன்று மாதம். என் அனுமதிச் சீட்டுக்கு மிச்சம் பதினெட்டு நாள்.

ஜெபம் முடியும்வரை நான் இருக்கவில்லை. எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். சபை முடிந்ததும் யோவான் அண்ணனும் ரூத் அக்காவும் வந்தார்கள். பின்னால் சபையே வந்து தள்ளி நின்றது.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"கடுதாசி போட்ட பத்து நாள்ல தெரிஞ்சுபோச்சுங்க" என்றார். "கடல் தாண்டி இருக்கறவங்களுக்கு எப்படிங்க கெட்ட சேதி எழுதறது? பக்கத்துல ஆள் இல்லாம படிச்சுப்போட்டு நீங்க என்ன பண்ணுவீங்க? நேர்ல வந்ததும், ஒரு வாய் சாப்புட்டதும் சொல்லலாம்னுதான் இருந்தோமுங்க."

"மூணு நாளா நான் சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

கத்திவிட்டேன். என் மடியில் கோழி வைத்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரூத் அக்கா அழுதுகொண்டே, சொல்லலாம் என்று ஒவ்வொரு வேளையும் இலை போட்டதாகவும், நான் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்ததும் அடுத்த வேளை சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டதாகவும் சொன்னாள். இரண்டு மாதம் சுத்தம் என்றதும் அவசரப்பட்டுப் பெயரை வலது பக்கம் மாற்றியது தம்முடைய தப்பு என்றார் யோவான் அண்ணன். மறுபடி இடது பக்கம் எழுதிய அன்று சபை முன்னால் நிற்கவே வெட்கமாகப் போயிற்றாம். அந்தத் தெலுங்கு அம்மாக்கள் சேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் அப்போதே ஒப்புக்கொண்டார். பாவம், இந்தப் பெண்ணுக்கு இன்னும் தெரியாதா என்று கேட்டார்களாம். ஆக, பஸ்ஸில் போன யாரோ இரண்டு பேருக்குக்கூடத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. அந்த வீட்டில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது என்று தெரிந்தேதான் செய்தேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ் வழியில் டயர் வெடித்து நின்றது. கண்டக்டர் ஒவ்வொரு பிரயாணியிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். மன்னிப்புக் கேட்கிற நேரத்தில் டயரை மாற்றியிருக்கலாம். நான் கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தேன். வெயிலில், கையில் கம்பளிக் கோட்டோடு, தாராபுரம் ரோட்டில் ஒரு பொம்பளை. எதிரே மாட்டு வண்டியில் வந்தவர்கள் வண்டியை நிறுத்தியே பார்த்தார்கள். யோவான் அண்ணன் பத்தடி பின்னால், கிட்டே வரவும் பயந்து, விட்டுப் போகவும் பயந்து நடந்து வந்தார். தண்ணீரில்லாத அந்தக் கிணறு வந்தது. எதிர்ப்பக்கம் திரும்பினேன். ஆஸ்பத்திரி வாசல்.

நீளமான வராந்தா, வரிசையாக இரும்புக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழே மூடி போட்ட பீங்கான் கோப்பை. கடைசிக்கு முந்தின கட்டிலில் அவர். கன்னம் ஒட்டியிருந்தது. கண் மட்டும் பழைய கண். கட்டிலுக்கு நாலடி தள்ளி ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அதைத் தாண்டிக் கிட்டே போகக் கூடாதாம். கடல் தாண்டி வந்து நாலடியில் நின்றேன்.

"தெரிஞ்சு போச்சா?" என்றார்.

"ஜெபத்துல தெரிஞ்சுது" என்றேன்.

எழுத வேண்டாம் என்று சொன்னது தாம்தான் என்றார். நான் ஒற்றையாக உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் படிப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லையாம். எனக்கு மறுபடி கோபம் பொங்கியது. சண்டைக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "கொல்லையில கொய்யா காய்ச்சிருக்கா? சமையல் ரூம்ல ஒழுகிச்சே, ஓடு மாத்தினாங்களா?" என்று கேட்டார்.

வாயை மூடிக்கொண்டேன். கொய்யாவும் இல்லை, சமையலறையும் இல்லை. அவர் போன ஐந்தாம் மாதமே டிஸ்பென்சரிக்குப் புது ஆள் வந்துவிட்டான். குவாட்டர்ஸும் அவனுக்குப் போய்விட்டது. வந்ததும் கொய்யாவை வெட்டிவிட்டான். நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், பழைய பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த ஒரு அறையில் இருக்கிறேன். அவருக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் கொய்யா காய்த்தது, பழுத்தது, அணில் கடித்தது. நோயாளிக்கு எப்படிக் கெட்ட சேதி எழுதுவது? யோவான் அண்ணனைப் பார்த்துச் சபை முன்னால் கத்திவிட்டு வந்தவள் நான். என் பெட்டியில் இருந்த பொய் அவருடையதைவிட ஒன்பது மாதம் மூத்தது.

சொல்லிவிட்டேன். வேலை, வீடு, கொய்யா, எல்லாம். கடகடவென்று சொன்னேன், மெதுவாகச் சொன்னால் நடுவில் மாற்றிச் சொல்லிவிடுவேன். அவர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நர்ஸம்மா ஓடி வந்து என்னைத் திட்டினாள். கிருமியும் இவருக்கு, சிரிப்பும் இவருக்கா என்றாள்.

இருமல் நின்றதும், "அந்தக் கொய்யாவுல எப்பவும் புழுதானே" என்றார். கண்ணில் தண்ணீர். இருமியதாலா, வேறெதனாலோ, நான் கேட்கவில்லை.

நான் ஒன்று கேட்டேன். ஜெபிக்க முடிகிறதா என்று. எனக்கு முடியவில்லை என்பதையும் சொன்னேன். இந்த ஆஸ்பத்திரியில் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை யாரும் பேசக் கூடாது, படிக்கக் கூடாது, அசையவும் கூடாது. அது ஓய்வு நேரம். அந்த இரண்டு மணி நேரமும் மனசுக்குள் ஆண்டவரோடு சண்டைதான் போடுவதாக அவர் சொன்னார். ஏன் என்னை, ஏன் இவ்வளவு நாள், கொடுக்கிறதானால் கொடு, இல்லையென்றால் இல்லை என்றாவது சொல்லித் தொலை என்று.

"பதில் சொல்றாரா?"

"இல்ல. ஆனா எழுந்தும் போகல. நாலு மணி வரைக்கும் கூடவே உக்காந்திருக்காரு."

மணி அடித்தது. நான் கிளம்ப வேண்டும். கோட்டை என்ன செய்வது என்று பார்த்தேன். திருப்பி எடுத்துப் போக எனக்குக் கை வரவில்லை. கட்டில் தலைமாட்டில் மாட்டினேன். இந்த வெயிலில் கம்பளிக் கோட்டா என்றாள் நர்ஸம்மா. இருக்கட்டும் என்றேன். அவரும் இருக்கட்டும் என்றார்.

மீதி நாட்களைச் சொல்ல அதிகம் இல்லை. திங்களும் வியாழனும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கிறிஸ்துமஸுக்கு ரூத் அக்கா ஒப்புட்டும் கச்சாயமுமாக இனிப்புப் பலகாரம் செய்தாள்; ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் வராந்தா முழுக்கக் கொடுத்தோம். தங்கிவிடலாமா என்று ஒரு நாள் கேட்டேன். வேண்டாம் என்றார் அவர். நான் திரும்பாவிட்டால் அந்தப் பெஞ்சு அறையும் போய்விடும். பிறகு இரண்டு பேருக்கும் திரும்ப இடமே இருக்காது. அவர் சொன்னது சரிதான். சரியாக இருப்பதுதான் எரிச்சலாக இருந்தது.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு யோவான் அண்ணன் என்னை ஜெபிக்கச் சொன்னார். மனு எழுதும் பாஷையை அன்று விட்டுவிட்டேன். ஆண்டவரே, எனக்கு உம்மேல் கோபம், இவர் எனக்கு வேண்டும், மூன்று மாதம் என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டீர், இனிமேல் எங்களால் முடியாது, ஆனாலும் போக எங்களுக்கு வேறு இடமும் இல்லை என்று நெஞ்சில் இருந்ததை அப்படியே சொன்னேன். ஆமென் சொல்லச் சபைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ரூத் அக்கா இந்தத் தடவை நன்றாக ஜெபித்தீர்கள் என்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டேஷனில் யோவான் அண்ணனிடம் ஒரு வாக்குக் கேட்டேன். இனிமேல் கடிதத்தில் கெட்ட சேதியை முதல் வரியில் எழுத வேண்டும். க்ஷேமம் விசாரிப்பதெல்லாம் அதற்கப்புறம். அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்தது போலாயிற்று. "எழுதிப்போடறேனுங்க" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை.

தை மாதம் கடிதம் வந்தது. பெஞ்சு அறையில் ஒற்றையாக உட்கார்ந்து பிரித்தேன். முதல் வரி: இந்த மாசமும் கிருமி இருக்குதுங்க. அதற்குக் கீழேதான் ஸ்தோத்திரமும் மழைச் சேதியும். அந்த வரியைப் பார்த்து அழுதேன். அழுது முடித்ததும் ஆண்டவரிடம் சண்டைக்கு உட்கார்ந்தேன். முன்பெல்லாம் இருந்ததைப் போல அவர் எங்கேயோ துரையின் ஆபீஸில் மனு வாங்கிக்கொண்டு இருப்பதாகத் தோன்றவில்லை. பக்கத்துப் பெஞ்சில் இருப்பதாகத்தான் இருந்தது. பதில் ஒன்றும் வரவில்லை.

அடுத்த மாதம் சுத்தம் என்று வந்தது. அதற்கடுத்த மாதமும் சுத்தம். அது இரண்டு. இரண்டு என்னை முன்பே ஒரு தடவை ஏமாற்றிய எண். நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் காரணமில்லாமல் திட்டினேன்.

சித்திரையில் வந்த கடிதத்தில் முதல் வரியில் கெட்ட சேதி இல்லை. நல்ல சேதியும் இல்லை. யோவான் அண்ணன் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார், அதுவும் கோணல் மாணலாக: நேத்து சபையில மச்சான் பேரை வலது பக்கத்துல எழுதி, கண்ணை மூடி, ஆண்டவர் முன்னால படிச்சுப்போட்டேனுங்க.

வேறு யார் எழுதியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அந்த மனிதரை எனக்குத் தெரியும். என்னிடம் பொய் சொல்லுவார், கடிதத்தில் பொய் எழுதுவார், ஆஸ்பத்திரியை மறைக்கக் கிணற்றைக் காட்டுவார். ஜெபத்தில் சொல்ல மாட்டார்.

உட்கார்ந்து பதில் எழுதினேன். நானும் ஒரே வரிதான் எழுதினேன். கோட்டைப் பெட்டியில் வைக்க வேண்டாம், போட்டுக்கொண்டே வரச் சொல்லுங்கள், இங்கே குளிர்.